பழி போட ஒரு வயர் வேணுமில்லோ!

வா கண்ணு, சித்தெ உக்காரு. உங்க அமுச்சி எல்லாஞ் சொன்னா. வயரில்லாத கேமிங் மவுஸ் வாங்கித் தந்தாத்தான் ஆச்சுன்னு ராத்திரி சோத்தத் தள்ளி வெச்சுப்போட்டயாமா? நாயமான கோரிக்கைதான். காந்தி கூட இப்புடித்தான் ஆரம்பிச்சாரு. வெல பத்தாயிரத்துக்கு மேலயாமா? அதுவும் நாயமாத்தான் இருக்கும். கடைக்காரங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்க: அந்த வெலைக்கு ஆட்டத்தையும் அதுவே ஆடிக் குடுத்துருமா?

கோவிச்சுக்காதடா. வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. உன்ர நல்லதுக்குத்தான் ரோசனை பண்றேன். இத்தன நாளும் தோத்துப்போனா, "வயர் டேபிள்ல மாட்டிக்கிச்சு"ன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டுக் கௌரவமா எந்திரிச்சு வந்தே. நாளைக்கு அந்த வயரே இல்லீன்னா யாரு மேல பழி போடுவே? அல்லாரும் நேரா உன்ர கையத்தானே பாப்பாங்க? பத்தாயிரத்தக் குடுத்து அந்த அவமானத்த வாங்கோணுமா?

உங்கப்பா வேற போன் போட்டாரு. "வயர்ல போனாத்தானுங் வேகம், காத்துல போனா தாமசமாகுமுங்"கறாரு. மாப்பிள்ளையக் குத்தஞ் சொன்னா மரியாதையா இருக்காது. அவரு சொல்றது சரிதான். அவரு காலேஜ் படிச்ச காலத்துக்கு நெம்பச் சரி.

என்ன இளிக்கற? கெழவனுக்கு என்ன தெரியும்னா? டேய், நீ பொறக்கறதுக்கு முந்தியே தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்கால பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தவன்டா நானு. அன்னைக்கு மவுசுக்கு வவுத்துல ரப்பர் உருண்டை இருக்கும். ஒரு மணி நேரம் மெயில் பாக்க வர்ற பையன், போறப்ப அந்த உருண்டையக் கழட்டி ஜோப்புல போட்டுட்டுப் போயிருவான். கொண்டுபோயி என்ன பண்ணுவானுகன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. 1999-ல மைக்ரோசாஃப்ட்காரன் அடியில செவப்பு வெளிச்சம் அடிக்கற மவுச உட்டான். அந்த மாதிரி மவுசு வெல எறங்கி என்ர கடைக்கு வந்தப்பறந்தான் உருண்டக் களவு நின்னுச்சு. வயரக் கடிக்கற நெசமான எலித்தொல்ல மட்டும் கடைசி வரைக்கும் நிக்கல.

வயரில்லாத மவுசு ஒண்ணும் நேத்து மொளச்சதில்ல. லாஜிடெக் கம்பெனி 1991-லயே ரேடியோவுல ஓடற மவுசு போட்டுச்சு. ஆனா அதுக்கப்பறமும் நெம்ப வருசத்துக்கு அதுகள வெச்சு ஆட்டம் ஆடுனவன் செத்தான். பேட்டரியோட சேத்து கனமாக் கெடக்கும், நடுவுல சேதி அறுந்து போவும். 2016-ல அதே கம்பெனி ஜி900-ன்னு ஒண்ணு கொண்டாந்துது. 2018-ல 80 கிராம்ல ஜி புரோ வயர்லெஸ். 2020-ல நீ சோத்தத் தள்ளி வெச்சு அழுவறயே அந்த சூப்பர்லைட், 63 கிராமுக்கும் கம்மி. இன்னைக்குக் காசுக்கு ஆடற கவுண்டர் ஸ்ட்ரைக் பசங்க, வேலரண்ட் பசங்க முக்காலேமூணுவீசம் பேரு வயர அறுத்துப்போட்டானுக.

இப்ப மாப்பிள்ளைக்குச் சொல்லாத ஒரு கணக்கு. அவரு ஆபீசுல இருந்து கொண்டாந்து உனக்குக் குடுத்தாரே அந்த வயர் மவுசு, அது கம்ப்யூட்டருக்கு நொடிக்கு 125 தடவதான் சேதி சொல்லும். அதாவது 8 மில்லி செகண்டுக்கு ஒருக்கா. நீ கேக்கறது 1000 தடவ சொல்லும், 1 மில்லி செகண்டுக்கு ஒருக்கா. அப்ப எதுடா தாமசம்? வயரு இருந்தும் தூங்கறவன் அவருதான். இத நான் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லிப்போடாத. வார நோம்பிக்கு வேட்டி எடுத்துத் தரமாட்டாரு.

வயரோட இன்னொரு குத்தத்தையும் ஒத்துக்கறேன். ஆளக் கண்டதும் மவுசச் சடார்னு இழுக்கறயே, அப்ப முளையில கட்டுன வெள்ளாடு கயிறு தீந்த எடத்துல வெடுக்குனு நிக்குமே, அப்புடி ஒரு இழுப்பு வரும். குறி கலைஞ்சு போவும். அதுக்குன்னு வயரத் தூக்கிப் புடிக்க பஞ்சின்னு ஒரு கொம்பு விக்கறானுக, துணி நாடாவாட்டம் மெதுவான பாராகார்டு வயரும் வந்துபோச்சு. அது ரெண்டும் போட்டா வயர் இருக்கறதே பாதி மறந்துரும்.

ஆனா நீ ஏமாறப் போற எடம் வேற. வயரில்லைன்னு போட்ட பொட்டியெல்லாம் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டிருக்க. உன்ர சிநேகிதன் ஒருத்தன் புளூடூத் மவுசு வாங்கிட்டு வந்து ரவுசு பண்றானே, அதுல ரெண்டு சேதிக்கு நடுவுல வழக்கமா எவ்வளவு தெரியுமா? நெம்பச் சுறுசுறுப்பா இருந்தாலே ஏழரை மில்லி செகண்ட். ஏழரை புடிச்சா யாரு ஆடி ஜெயிக்கறது? எக்செல் ஷீட்டப் பாக்க, படம் பாக்க, அது அமோகம். ஆட்டத்துக்குன்னா கூடவே ஒரு டாங்கிள் வரோணும், 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடறது.

டாங்கிள எங்க சொருகறேங்கறதும் பெரிய சங்கதி. நீ என்ன பண்ணுவே? சிபியுவுக்குப் பின்னால, ஒட்டடைக்கும் தகரத்துக்கும் நடுவுல குத்திப்போட்டு, "அப்பிச்சி, மவுசு திக்குது"ன்னு வருவே. பக்கத்துலயே யூஎஸ்பி 3.0 ஓட்டையில ஹார்ட் டிஸ்க் ஓடிட்டிருக்கும். அது போடற சத்தம் இதே 2.4-ல வந்து உழும்னு இன்டெல்காரனே 2012-ல எழுதி வெச்சிருக்கான். நல்ல கேமிங் மவுசு பொட்டியில ஒரு எக்ஸ்டென்சன் வயர் கெடக்கும். அதுல டாங்கிள மாட்டி, மவுசுப் பாய்க்குப் பக்கத்துலயே கொண்டாந்து வெச்சுக்கோணும். ஆமா, வயரில்லாத மவுசுக்கும் ஒரு வயரு வேணும். சிரிக்காத, நெசம்.

நொடிக்கு 8000 தடவ சேதி சொல்ற மவுசும் இருக்குதாமா? இருக்குது. பேட்டரி மடமடன்னு வத்தும். உன்ர மானிட்டரு நொடிக்கு 60 படந்தான் காட்டுது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட 17 மில்லி செகண்ட். மும்பை சர்வருக்குச் சேதி போயித் திரும்ப 30, 40 ஆவுதுன்னு உன்ர ஸ்கிரீன் மூலையிலயே எழுதிக் காட்டுது. இதெல்லாம் போவ, எதிராளியக் கண்ணுல பாத்து நீ வெரல அமுத்த 200 மில்லி செகண்டுக்கும் மேல. அதுவும் நீ முழிச்சிருந்தா. ராத்திரி ரெண்டு மணிக்கு உன்ர கணக்கு எவ்வளவுன்னு லாஜிடெக்குக்கே தெரியாது.

ஊட்டுச் சோலிக்குன்னா இவ்வளவு பாடே இல்ல. மாப்பிள்ளைக்கு அந்த வயர் மவுசே போதும். சார்ஜ் வேண்டாம், டாங்கிள் தொலையாது, கழுத்துக்கிட்ட வயர் ஒடியற வரைக்கும் ஒழைக்கும். உங்கம்மா லேப்டாப்ப ஹாலுக்கும் சமையக்கட்டுக்கும் தூக்கீட்டு அலையறா, அவளுக்கு ஒத்த பேட்டரி போட்டு ஒரு வருசம் ஓட்டற சின்ன வயர்லெஸ் மவுசு. உங்க பெரியம்மா மவன் ஐ.டி. கம்பெனியில இருக்கறானே, அவனாட்டம் ஆப்பிள் மவுசுக்கு மட்டும் ஆசப்படாத. 2015-ல இருந்து சார்ஜ் ஓட்டைய அடிவவுத்துல வெச்சிருக்கான். சார்ஜ் போட்டா மல்லாக்கக் கெடக்கும், வேலையும் நடக்காது. 2024-ல ஓட்டைய மாத்துனானே, எடத்த மாத்துனானா?

சரி, இனி நம்ம சங்கதிக்கு வாரேன். சூப்பர்லைட்டெல்லாம் இப்ப வேண்டாம். அதே கம்பெனியில ஜி304-ன்னு ஒண்ணு இருக்குது. சூப்பர்லைட் வெலையில கால்வாசிதான் வரும். அதுவும் நொடிக்கு 1000 தடவதான். ஒத்த ஏஏ பேட்டரி, 250 மணி நேரம் ஓடும்னு போட்டிருக்கான். பேட்டரியோட 99 கிராம். கனமாத் தெரிஞ்சா லித்தியம் பேட்டரி போட்டுக்க, கொறையும். உள்ள வெச்சே மூடுன பேட்டரின்னா ரெண்டு மூணு வருசத்துல சவங்கிப் போவும், இது அப்புடியில்ல. பொட்டிக்கட மூடறதுக்குள்ள போனா புதுப் பேட்டரி. காசு முழுசா நான் தர்றேன். உங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன்.

அமுச்சி, பாத்தியா, பையன் மொகத்துல வெளிச்சத்த!

ஒரே ஒரு நெபந்தன. ராத்திரி பத்து மணியானா டாங்கிளக் கழட்டி என்ர வெத்தலப்பொட்டியில போட்டுரோணும், சுண்ணாம்பு டப்பிக்குப் பக்கத்துல. வயர் மவுசா இருந்தா டேபிளுக்கு அடியில நான் குனிஞ்சு புடுங்கோணும், என்ர இடுப்பு தாங்காது. இது நகத்தளவு, சோலி சுளுவு. என்ன முழிக்கற? புளூடூத்துல போட்டுக்கலாம்னு பாக்கறயா? ஜி304-ல புளூடூத் கெடையாது கண்ணு. வயர் சொருகி ஆடலாம்னா, அதுக்கு ஓட்டையும் கெடையாது. கடையில நின்னு நல்லா விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்.

காலைல ஆறு மணிக்குப் பால் வாங்கீட்டு வந்து கேளு, எடுத்துத் தர்றேன்.