தீவக வீட்டலங்காரத்தில் உப்பின் அதிகாரம்: ஒரு முன்னாய்வு

வீட்டைச் சிக்கனமாகப் புதுப்பிக்கும் கலையில் யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், வேலணைக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், நெடுந்தீவுக்கு டெல்ஃப் என்று தங்கள் ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். ஓர் ஆணி செலவில்லை. டெல்ஃப் நகரம் வெள்ளையில் நீலச் சித்திரம் தீட்டிய சுவரோடுகளுக்குப் பேர்போனது. ஆனால் ஓடுகளைக் கப்பலேற்றுவதைவிடப் பெயரைக் கப்பலேற்றுவது ஒல்லாந்தரின் கம்பெனிக்குக் கட்டுபடியானது. அந்தப் பூச்சில் இன்று டெல்ஃப் ஒன்றுதான் ஆங்கிலத் தேசப்படத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றவை உரிந்துபோயின. தீவகத்தில் எந்தப் பூச்சுக்கும் இதுதான் கதி என்பதும், அந்தக் கதியை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அலங்காரமே அங்கே அழகாக இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். வசதிக்காக இதை உப்பு விதி என்று அழைப்போம்.

விதியின் இயங்குமுறை எளிது. கடற்காற்றோடு வரும் உப்பு சுவரிலும் கம்பியிலும் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈரத்தில் இரும்பு துருவாகிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் கேட்கிறது. கேட்ட இடம் கிடைக்காதபோது கொங்கிறீற்றைப் பிளந்து எடுத்துக்கொள்கிறது. சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேறப் பார்க்கும்போது பிளாஸ்டிக் தன்மை கொண்ட விலையுயர்ந்த பெயின்ற் வழி மறிக்கிறது. ஆகவே கொப்புளம் போடுகிறது. சுண்ணாம்போ ஈரத்தைப் போகவிடும். நீற்றிய சுண்ணாம்பு சுவரில் ஏறியதும் காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. பழைய தீவகத்தில் அந்தச் சுண்ணாம்பு முருகைக்கல்லைச் சூளையில் சுட்டு எடுத்தது என்பதை நினைவில் கொண்டால், வெள்ளையடிப்பு என்பது கடலடியில் இருந்த கல்லை நெருப்பிலும் தண்ணீரிலும் போட்டு எடுத்துச் சுவரில் மறுபடியும் கல்லாக்கும் வேலை என்று விளங்கும். இன்று கரையோரப் பாதுகாப்புச் சட்டம் முருகைக்கல் அகழ்வதைத் தடுத்திருக்கிறது. அது நியாயமே; வீட்டை வெளுப்பாக்கக் கடலை மொட்டையடிக்க முடியாது. கடையில் வாங்கும் சுண்ணாம்பும் அதே வேலையை முணுமுணுக்காமல் செய்கிறது.

சுவரைவிட வேலி இவ்விதிக்குச் சிறந்த சான்று. யாழ்ப்பாணத்தவருக்கு வீட்டின் முகம் வேலிதான். படலையைத் திறக்கும் முன்னரே விருந்தாளி தீர்ப்பெழுதிவிடுவார். பூவரசு, கிளுவைக் கதியால்களில் பனையோலையையோ கிடுகையோ வரிந்து கட்டிய வேலி ஓரிரு ஆண்டில் நரைத்துவிடும். நரைத்ததும் அவிழ்த்து, உக்கின ஓலையைத் தோட்டத்தில் தாழ்த்தி, புதிய ஓலை கட்டுவார்கள். பழைய திரைச்சீலை கத்தரிக்காயாகக் காய்க்கும் அலங்கார முறை உலகில் வேறெங்கும் இருந்தால் ஆய்வாளர்கள் அறிவிக்கலாம். இந்த வழக்கத்தைப் பொருளாதார நெருக்கடி என்று மட்டும் படிப்பது பிழை. ஜப்பானின் இசே கோவிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிய மரத்தில் அப்படியே திரும்பக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். உலகம் அதை மெய்யியல் என்கிறது. அதையே புங்குடுதீவில் ஒருவர் ஓலையும் கயிறுமாக ஓரிரு ஆண்டுக்கொருமுறை செய்தால் அதற்கு வேலியடைப்பு என்றுதான் பெயர்.

இங்கே நெடுந்தீவிலிருந்து ஓர் ஆட்சேபம் எழும். அங்கே வேலி ஓலையல்ல. முருகைக்கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில். தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. அப்படியானால் நிலைத்த அலங்காரமும் உண்டல்லவா? சற்று நெருங்கிப் பார்த்தால் இம்மதிலும் எங்கள் பக்கமே சாட்சி சொல்கிறது. சாந்து இல்லாததால் ஆடு பாய்ந்தால் நாலு கல் விழும், அங்கு திரியும் கட்டைக் குதிரை முதுகைச் சொறிந்தால் நாற்பது கல் விழும். விழுந்ததை எடுத்துத் திரும்ப அடுக்கினால் மதில் புதிது. அதே தீவில், போர்த்துக்கேயர் கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டை அதே முருகைக்கல்லைச் சாந்து வைத்து இறுக்கி, என்றென்றைக்கும் என்று எண்ணிக் கட்டப்பட்டது. கோட்டை இடிபாடாகிச் சுற்றுலாப் பயணிகளின் படத்துக்கு நிற்கிறது; வேலி இன்னமும் ஆட்டை மறிக்கிறது.

வீட்டுக்குள் வந்தால் முதன்மையான அலங்காரப் பொருள் கலண்டர். கடைக்காரர் இலவசமாகத் தருவது. ஆண்டுதோறும் தானாகவே மாறுவது. சாமி படமும், நல்ல நேரமும், கடையின் தொலைபேசி இலக்கமும் ஒரே தாளில் தருவது. கலண்டர் தொங்கும் இடத்துக்கும் சுவர்ப்பூச்சு உதிர்ந்த இடத்துக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று என்பதைத் தாளைச் சற்றே உயர்த்திப் பார்க்கும் எவரும் அறிவர். மதங்களும் இதில் ஒத்துப்போகின்றன. நயினாதீவு நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாவுக்குத் தென்னங்குருத்தும் மாவிலையும், அதே தீவின் நாகதீப விகாரையில் வெசாக்குக்கு மூங்கில் சிம்பில் காகிதம் ஒட்டிய கூடுகள், ஊர்காவற்றுறையில் நத்தாருக்குப் பாலன் குடிலும் நட்சத்திர வெளிச்சக்கூடும். எதுவும் சில வாரத்துக்கு மேல் தாங்காது. தாங்கவேண்டும் என்று எவரும் கேட்பதுமில்லை. கோட்பாட்டில் முரண்படும் மூன்று சமயங்கள் அலங்காரத்தில் மட்டும் இப்படி உடன்படுவது ஆராயத்தக்கது.

வலுவான மறுப்பு கனடாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் வருகிறது. வெளிநாட்டுக் காசில் எழுந்த மாடிவீடுகளும், ரைல்ஸ் பதித்த விறாந்தைகளும், சிங்கமுகம் வைத்த இரும்புக் கேற்றும் தீவகத்தில் உண்டே, அவை அழகில்லையா? அழகுதான், திறப்புவிழாவன்று. மறு ஆண்டு கேற்றின் பிணைச்சல் செம்மஞ்சளாகிறது. சிங்கத்தின் பிடரி உதிர்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மா தொலைபேசியில் பெயின்ற் காசு கேட்கிறார். இரும்புக் கேற்றும் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கவேண்டிய ஓலைவேலியே. தோட்டத்துக்குப் பசளையாகாதது ஒன்றே வேறுபாடு. இன்னொரு மறுப்பை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. சாணம் மெழுகுவதும், கோலம் போடுவதும், சுண்ணாம்பு கரைப்பதும் மலிவு என்னும் கணக்கில் கூலி எழுதப்படவில்லை. அந்தக் கூலி பெரும்பாலும் பெண்களுடையது. எழுதினால் உப்பு விதி பொய்யாகாது. மலிவு என்ற சொல்லைத்தான் அடித்துத் திருத்தவேண்டியிருக்கும்.

எஞ்சியிருப்பது பிளாஸ்டிக் பூ. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறி வந்து தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் அமரும் இது துருப்பிடிப்பதில்லை, உக்குவதில்லை, பசளையாவதில்லை. உப்பு விதிக்கு இதுவே விதிவிலக்கென்று அவசரப்படுவோர் தீபாவளிக்கு முந்திய நாளை மறந்துவிடுகிறார்கள். அன்று அந்தப் பூ தூசு நீங்கக் கிணற்றடிக்குப் போகிறது. தீவகத்தில் கிணறுகள் பலவும் உவர்நீர்க் கிணறுகள். அலசி வெயிலில் காயவைத்த ரோசாப்பூவின் இதழோரத்தில் வெள்ளையாக ஒன்று படிந்திருந்தால் அது பனித்துளி அன்று. மழைத்தண்ணீரில் அலசினால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் ஐப்பசி மழை தீபாவளிக்கு முன்னர் வந்தாகவேண்டும்.