சப்பான்காரன் போனான், பாட்டி இருந்தாள்

என் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு என்ன வயது என்பதில் அரசாங்கத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. 1948-இல் மலாயாவில் அவசரகாலம் போட்ட வெள்ளைக்காரன், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டு யார், தோட்ட லயத்திலிருக்கும் கூலி யார் என்று பிரிக்கத் தெரியாமல் ஆளுக்கொரு அடையாளக் கார்டு கொடுத்தான். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, "எப்ப பொறந்தே?" என்று கேட்டார் கணக்கெழுதும் கிராணியார்.

"பெரிய வெள்ளம் வந்தப்பங்க."

கிராணியார் விஷயம் தெரிந்தவர். 1926 என்று போட்டுக்கொண்டார். தேதிக்கும் மாதத்துக்கும் வெள்ளம் உதவவில்லை. தம்முடைய பிறந்தநாளையே எழுதிவிட்டார். லயத்தில் பாதிப் பேருக்கு அதே நாள்தான்.

பாட்டி பிறந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை நட்டார். நட்டார் என்றால், நடச் சொன்னார். பிறகு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். குழி வெட்டியவர்கள் நாவல் எழுதவில்லை. பாட்டியின் அப்பா எழுதியிருந்தால் அது கள்ளுக்கடையில் தொடங்கி அங்கேயே முடிந்திருக்கும்.

சபாக்கில் மாப்பிள்ளை பார்த்தபோது, பெர்ணம் ஆற்றில் முதலை உண்டு, பெண்ணைக் கொடுக்காதீர்கள் என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்களாம். "முதலை அதோட பாட்டப் பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டார் கொள்ளுத்தாத்தா.

கல்யாணமாகிச் சபாக்குக்கு வந்த பாட்டிக்குக் கொப்பரைச் சூளையில் வேலை. சூட்டில் வாடிய தேங்காய் மூடியை இடது கையில் பிடித்து, சிரட்டைக்கும் பருப்புக்கும் நடுவே கத்தியை நுழைத்து ஒரு திருகு. பருப்பு உடையாமல் முழுசாக வெளியே வரும். கை ஓட வேண்டுமென்றால் பாட்டிக்கு வாயும் ஓட வேண்டும். இது புரிந்த மேற்பார்வை மண்டோர், திட்டுவதற்குத் தம் தலையையே கொடுத்துவிட்டு உற்பத்தியைக் காப்பாற்றினார்.

சப்பான்காரன் காலத்தைப் பாட்டி சொல்லிக் கேட்க வேண்டும். பீரங்கியும் கப்பலும் வைத்திருந்த வெள்ளைக்காரனைச் சைக்கிளில் வந்து துரத்தினவன் என்பதால் அவன்மேல் முதலில் கொஞ்சம் மரியாதை இருந்தது. தோக்கியோ நேரப்படி கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னுக்குத் தள்ளச் சொன்னானே, அதோடு போயிற்று. "சேவலுக்கு யாருடா சொல்றது?" என்றாள். சம்பளமாக வாழைமரம் போட்ட நோட்டு. 1945-இல் அவன் தோற்றதும் அது அடுப்புப் பற்றவைக்க ஆனது. சரியாக எரியவில்லை என்ற புகாரும் பாட்டிக்கு உண்டு.

சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்க வந்தபோது தாத்தாவைத் தேங்காய் மட்டைக் குவியலுக்குள் தள்ளி மூடி, மேலே உட்கார்ந்து வெற்றிலை மென்றாள். அந்த லாரியில் ஏறிப்போன அண்டை வீட்டு ஆண்கள் யாரும் திரும்பவில்லை. அவர்கள் பெயரை மட்டும் பாட்டி கேலி இல்லாமல் சொல்வாள். தாத்தாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. "உள்ளேயிருந்து தும்முனாரு பாரு, அன்னிக்கே நான் விதவை!"

1943-இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். இந்திய விடுதலைக்காகத் தோட்டத்துப் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். பாட்டியும் கொடுத்தாள், ஒரு காதுத் தோடு.

"ஏன் பாட்டி, ஒண்ணு மட்டும்?"

"சொதந்திரம் வந்ததும் மத்தது தர்றேன்னேன். வந்துச்சு. வாங்கிக்க அவரு வரலையே, நான் என்ன செய்ய?"

மிஞ்சிய ஒற்றைத் தோடு, அம்மாவின் பள்ளிச் செலவு வரும்போதெல்லாம் அடகுக்கடைக்குப் போய்வந்தது. அடகுக்கடைச் சீனர் அதைப் பார்த்தாலே எடை போடாமல் பணத்தை எண்ணுவாராம்.

1969 கலவரத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பாட்டி கையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டி இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தாத்தாவும் பெட்டியைத் தூசி தட்டினார். "அங்க எனக்கு யாரு இருக்கா? ஒரு கடன்காரன்கூட இல்ல" என்று பாட்டி பெட்டியை மறுபடி பரண்மேல் ஏற்றிவிட்டு, குடியுரிமைக்கு மனுப் போட்டாள்.

அதிகாரி மலாயில் கேள்வி கேட்டுச் சோதித்தார். எங்கே பிறந்தாய், எதற்குக் குடியுரிமை, விசுவாசமாக இருப்பாயா? பாட்டி தன் சந்தைக்கடை மலாயில் திருப்பிக் கேட்டாள்: "நான் இங்கதான் பொறந்தேன் துவான். நீங்க எங்க பொறந்தீங்க?" அவருடைய அப்பா ஜாவாவிலிருந்து வந்தவராம். ஜாவாவில் தேங்காய் என்ன விலை என்பதில் தொடங்கி இருவரும் நெடுநேரம் பேசியதாகக் கேள்வி.

நீலக் கார்டு வந்தது. பாட்டி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். படத்தில் மூக்குத்தி விழவில்லை, வேறு எடுக்க வேண்டுமாம்.