அஞ்சல் பெட்டியைக் குட்டிச்சுவராக்குவது எப்படி?

மௌஸைச் சொடுக்கி மின்னஞ்சல் பார்ப்பவர்களுக்கு இது அல்ல. அவர்கள் நேரத்தோடு வீடு போய்ச் சேர்கிறவர்கள். கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக வந்தால்தான் கடிதம் படிப்பேன் என்று அடம்பிடிக்கும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் பொறியாளர்களுக்கும், அவர்களைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளத் துடிக்கும் ஜார்ஜ்டவுன் தம்பி தங்கைகளுக்கும் எழுதியது. 1972ல் இன்டெல் அங்கே ஆலை திறந்ததிலிருந்து இந்த ரகத்துக்குத் தீவில் பஞ்சமில்லை.

முதலில் நிரல். பைன் வேண்டாம். 1989ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த அது, எந்த விசை எதற்கு என்று திரையின் அடியிலேயே எழுதிக் காட்டிவிடும். எல்லோருக்கும் புரிந்துவிட்டால் அதில் நமக்கு என்ன பெருமை? மட் எடுத்துக்கொள்ளுங்கள். 1995ல் அதை எழுதிய மைக்கேல் எல்கின்ஸே, அஞ்சல் நிரல் எல்லாமே மோசம், இது கொஞ்சம் குறைச்சலான மோசம் என்று சொல்லித்தான் ஊருக்குக் கொடுத்தார். இந்த நிரலும் உதவிக்கு மேலே ஒரு வரி காட்டும். அதை அணைக்க அமைப்பு உண்டு. முதல் வேலையாக அணையுங்கள்.

மாற்றங்களை எழுதுவதற்கு மட்ஆர்சி என்றொரு கோப்பு. பைண்ட் என்று தொடங்கி, எந்தத் திரை, எந்த விசை, என்ன வேலை என்று ஒரு வரி எழுதினால் ஆயிற்று. ஐந்து மணிக்குள் பதில் போட்டே ஆகவேண்டிய கடிதம் காத்திருக்கும் நாளே இதற்கு உகந்த நாள்.

ஜே, கே இரண்டிலிருந்து ஆரம்பிப்போம். பட்டியல் திரையில் ஜே தட்டினால் அடுத்த கடிதத்துக்கு இறங்கும், கே தட்டினால் ஏறும். விஐ தொகுப்பியின் பழக்கம் இது. 1976ல் பில் ஜாய் விஐயை எழுதிய ஏடிஎம்-3ஏ முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்தது. அந்த முனையம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, விரல்கள்தான் விடுவதாயில்லை. ஆனால் கடிதத்தைத் திறந்து படிக்கும்போது அதே ஜே ஒரு வரி இறங்காது, அடுத்த கடிதத்துக்கே தாவிவிடும். வரி இறங்க என்டர் தட்ட வேண்டும். மேலாளர் கடிதத்தின் இரண்டாம் பத்தியைத் தேடிப் போனவர் ஏதோ தள்ளுபடி விளம்பரத்தில் போய் நிற்பார். அந்தத் திரைக்கு மட்டும் ஜேயை அடுத்த வரி என்றும் கேயை முந்தைய வரி என்றும் மாற்றுங்கள். உருப்படியான மாற்றம் இது ஒன்றுதான். இத்தோடு நிறுத்தினால் நல்ல பிள்ளை. நிறுத்தமாட்டீர்கள்.

விஐயில் ஜியை இரண்டு முறை தட்டினால் கோப்பின் உச்சிக்குப் போகலாம். அது இங்கேயும் வேண்டும் என்று கை அரிக்கும். இங்கே ஒற்றை ஜி என்றால் 'எல்லோருக்கும் பதில்'. ஆகவே ஜியின் வேலையைப் பறித்துவிட்டுத்தான் இரட்டை ஜிக்குப் பட்டம் கட்ட முடியும். கட்டிவிடுங்கள். உங்கள் கணினியில் எல்லாம் சுகம். பிறகு ஒருநாள் ஏதோ ஒரு சர்வரில், யார் கைவண்ணமும் படாத மட் முன்னால் உட்காருவீர்கள். விரல் தன்பாட்டுக்கு ஜி, ஜி என்று தட்டும். முதல் ஜி எல்லோருக்கும் பதில் போட ஆரம்பிக்கும். இரண்டாவது ஜி பெறுநர் முகவரியின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். டாட் காம், டாட் காம்ஜி ஆகிவிடும். பெறுநர் வடக்கத்தியர் என்றால் மரியாதை என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

அடுத்தது மேக்ரோ. நாசி கண்டார் கடையில் 'பாஞ்சிர்' என்று ஒரு சொல் சொன்னால் மீன், கோழி, ஆடு என்று எல்லாக் குழம்பும் சோற்றை மூழ்கடிக்கிறதே, அதுதான் மேக்ரோ. ஒரே விசையில் கடிதத்தைச் சேமி, எந்தக் கோப்புறை என்று கேட்டால் பதில் சொல், என்டர் தட்டு, அடுத்ததற்குப் போ என்று நாலு வேலை நடக்கும். மேக்ரோவுக்குள் விசையை எழுதாமல், கோண அடைப்புக்குள் செயலின் பெயரை எழுதுவதே முறை. நம் நோக்கம் வேறு, ஆகவே விசையையே எழுதுங்கள். அடுத்த வாரம் அதே விசைக்கு வேறு வேலை கொடுப்பீர்கள், சேமித்துக்கொண்டிருந்த மேக்ரோ அழிக்க ஆரம்பிக்கும். ஒரு மேக்ரோ இன்னொன்றைக் கூப்பிட்டு, அது முதலாவதையே திருப்பிக் கூப்பிட்டால் மட் கண்டுபிடித்து நின்றுவிடும். எழுதியவருக்கு இல்லாத நிதானம் நிரலுக்கு உண்டு.

தமிழருக்குத் தனிச் சலுகையும் இருக்கிறது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் விசைப்பலகையில் கை பழகியவர், தமிழை அணைக்க மறந்து ஜே தட்டினால் 'ஜ்' போகும், கே தட்டினால் 'க்'. தமிழ்99 என்றால் 'ப', 'ம'. யூடிஎஃப்-8ல் ஜகரத்துக்கே 3 பைட், புள்ளிக்கு இன்னொரு 3. இந்த விசைக்கு வேலையில்லை என்று மட் கைவிரிக்கும். சேதாரம் இல்லை.

சேதாரம் வேண்டுமென்றால், கடிதம் எழுதும் திரையில் இருப்பதாக நம்பிக்கொண்டு, பட்டியல் திரையில் 'டேய் மச்சான்' என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். (பினாங்கில் சீன நண்பர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், ஆகவே இந்த ஆபத்து அவர்களுக்கும் உண்டு.) டி தட்டியதும், நின்றிருந்த கடிதத்தில் அழிப்புக் குறி விழுந்து, சுட்டி அடுத்த கடிதத்துக்கு நகரும். இ தட்டியதும், அந்த அப்பாவிக் கடிதத்தின் மூலவடிவம் தலைப்புகள் சகிதம் விஐயில் திறக்கும். ஐ தட்டியதும் விஐ எழுதத் தயாராகும். மிச்சமிருக்கும் மச்சான், கடிதத்தின் தலைப்பகுதிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

பதறாமல், சேமிக்காமல் விஐயைவிட்டு வெளியே வாருங்கள். வந்ததும் க்யூ தட்டாதீர்கள். அழித்ததை நீக்கிவிடட்டுமா என்று கேட்கும், அவசரத்தில் என்டர் தட்டினால் 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ளும். எக்ஸ் தட்டினால் எதையும் தொடாமல் வெளியேறிவிடும். அந்த இரண்டையும்கூட இடம் மாற்றி வைத்திருக்கிறவர்களுக்கு இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

எதை மாற்றினாலும் கேள்விக்குறி விசையை மட்டும் விட்டுவையுங்கள். எந்த விசைக்கு இப்போது என்ன வேலை என்று பட்டியல் போட்டுக் காட்டுவது அதுதான்.