எந்தப் படம், எந்தத் தியேட்டர்?

பெருங்குடியில் எங்கள் கிரிக்கெட் மைதானம் மழைக்காலத்தில் ஏரி. ஏரி வற்றிய கோடையில்தான் மைதானம். வெடித்த களிமண்ணில் பந்து எங்கே குத்தி எந்தப் பக்கம் போகும் என்று வீசியவனுக்கே தெரியாததால், எங்களில் யார் வேண்டுமானாலும் தன்னை ஸ்பின்னர் என்று சொல்லிக்கொள்ளலாம். காற்று திரும்பிக் குப்பைக்கிடங்குப் புகை வந்துவிட்டால் அதுதான் டீ இடைவேளை.

அந்தப் படுகையில்தான், பிறவி வலக்கைக்காரனான நான், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை முழுக்க இடக்கையால் ஆடி, ஒருநாளும் பத்து ரன்னைத் தாண்டாமல், எதிரணிக்குப் பேருதவியாக இருந்தேன். காரணம் தமிழ்நாட்டு அணியின் இடக்கை ஆட்டக்காரர் எஸ். சரத். அரையாண்டு விடுமுறையில் இரண்டு பஸ் மாறிச் சேப்பாக்கம் போனால், எனக்கும் நாலைந்து ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கும் காக்கைகளுக்குமாகத் தமிழ்நாடு ரஞ்சி ஆடிக்கொண்டிருக்கும். சரத் கவர் பக்கம் ஒன்று தள்ளினால், மட்டையில் பந்து பட்ட 'டொக்', காலி ஸ்டாண்டில் மோதி இன்னொரு தடவை கேட்கும். அந்த இரண்டாவது 'டொக்'குக்காகத்தான் போனேனோ என்று இப்போது தோன்றுகிறது. வீடு திரும்பி "சரத் நூறு!" என்று கத்தினால், சரத்குமார் கொடிகட்டிப் பறந்த காலமாயிற்றே, பக்கத்து வீட்டு அக்கா எட்டிப்பார்த்து, "நூறு நாளா? எந்தப் படம், எந்தத் தியேட்டர்ல?" என்பார்.

அப்பாவுக்கு வி.வி. குமார். 1961-ல் டில்லியில், பாகிஸ்தானுக்கு எதிராக ஆடிய முதல் டெஸ்டிலேயே ஐந்து விக்கெட் எடுத்தவர். முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 599. டெஸ்ட் என்னவோ இரண்டோடு சரி. அப்பா இதை ஏதோ தாத்தா சொத்து கைவிட்டுப் போன கதை போலச் சொல்வார். எனக்கு வாய்த்த வழக்கு சரத். தமிழ்நாட்டுக்காக நூறு ரஞ்சி ஆட்டங்களைத் தொட்ட முதல் ஆள், முதல்தர ஆட்டங்களில் 8,700 ரன், சராசரி ஐம்பதுக்கு மேல். ஆனால் இந்திய நடுவரிசையில் அசாருதீன், டெண்டுல்கர், பின்னாலேயே திராவிட், கங்குலி, லட்சுமண் என்று உட்கார்ந்தவர்கள் முதல் பந்தியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. 2023-ல் அதே சரத்தைத் தேசியத் தேர்வுக்குழுவில் போட்டார்கள். இலை கிடைக்காதவரிடமே பந்தி விசாரிக்கும் பொறுப்பு! எங்கள் ஊர்க் கல்யாணங்களிலும் இதுதான் நடக்கும்.

நாற்பது ஆட்டத்துக்கு மேல் ரஞ்சி ஆடியவருக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்று 2021-ல் கிரிக்கெட் வாரியம் அறிவித்த அன்று, யாரும் கேட்காமலே, நூறு ஆட்டம், ஆட்டத்துக்கு நாலு நாள் என்று அவருக்காக நான் கால்குலேட்டரில் பெருக்கிப் பார்த்தேன்: 2 கோடியே 40 லட்சம். அவர் ஆடிய நாளில் கம்பெனி வேலையோ பேங்க் வேலையோதான் ரஞ்சிக்காரனுக்குச் சோறு போட்டது. 2008-ல் ஐபிஎல் ஏலம் வந்தபோது, அவர் தலைமுறையே பேடைக் கழற்றிக்கொண்டிருந்தது.

இப்போது பெருங்குடியில் வெயிலும் இல்லை, புகையும் இல்லை, ராத்திரி எட்டு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் பச்சைப் பாய் விரித்த டர்ஃப். மணிக்கணக்கில் வாடகை, போனிலேயே பணம். அங்கே ஆடும் என் பையனுக்கு ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார் என்பது அத்துப்படி, சரத் என்றால், "அந்த நடிகராப்பா?" என்றான். அக்காவுக்குத் தோஷமில்லை.

போன வாரம் அவர்கள் நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஓசி காஜி கேட்டேன். சிரித்துக்கொண்டே மட்டையைக் கொடுத்தார்கள். முதல் பந்து மேல் விளிம்பில் பட்டு வலையில் போய் விழுந்தது; தேடவே வேண்டாம், தானாக உருண்டு காலடிக்கே வந்தது. நாணல் புதருக்குள் கைவிட்டுத் துழாவிய கை கொஞ்சம் ஏமாந்துபோயிற்று.

"அங்கிள், நீங்க லெஃப்டியா?" என்றான் பந்து வீசிய பையன்.

"ஆமாம்பா" என்றேன்.