நேயர் விருப்பம்: அன்றும் இன்றும்

எழுபதுகளில் மலேசியாவின் ரெங்கம் வட்டார ரப்பர்த் தோட்டத்தில் ஒரு பாட்டு கேட்க அஞ்சலட்டை வேண்டும், தபால்தலை வேண்டும், முத்துமுத்தாக எழுதும் ஓர் ஆள் வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் தோட்டக் கணக்கரான கிராணியின் வீட்டு அண்ணன். பால்மரம் வெட்டிவிட்டு வந்த பெண்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். அட்டையில் பாட்டுக்கு ஒரு வரி, பெயர்களுக்குப் பத்து வரி. தொட்டில் பிள்ளையும் நேயர்தான். மலேசிய வானொலியில் பெயர்களை வாசிக்கும்போது லயத்து வீடுகளெல்லாம் மூச்சடக்கிக் கேட்கும். பாட்டு தொடங்கியதும் அவரவர் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் அண்ணன்தான். ஒரு வருடம் அவருக்குப் பார்த்த பெண் தட்டிப்போயிற்று. அந்த வருடம் முழுக்க எங்கள் தோட்டம் சோகப் பாட்டையே ‘விரும்பியது’. யாராவது அட்டைகளை எண்ணியிருந்தால், ரப்பர்த் தொழிலாளரின் துயரம் பற்றி அருமையான கட்டுரை ஒன்று பிறந்திருக்கும்.

கேட்பவர் ரசனையை இப்படி எண்ணி அளக்க முடியுமா என்ற சண்டை அமெரிக்காவில் 1938-லேயே நடந்தது. பிரின்ஸ்டன் வானொலி ஆய்வை நடத்திய சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்ட், சக ஆய்வாளர் ஸ்டாண்டனோடு சேர்ந்து ஒரு கருவி செய்தார்: நிகழ்ச்சி பிடித்தால் பச்சைப் பொத்தான், பிடிக்காவிட்டால் சிவப்பு. இசைப் பிரிவுக்கு அவர் அழைத்துவந்த தத்துவவாதி அடோர்னோவோ, பண்பாட்டை அளப்பதாவது என்று முகம் சுளித்தார். ராக்கஃபெல்லர் அறக்கட்டளை இசைப் பிரிவுக்கு மேற்கொண்டு பணம் தரவில்லை, சண்டையும் ஓய்ந்தது. நம் தஞ்சாவூர் இசை ஆராய்ச்சியாளர் ஆபிரகாம் பண்டிதர் விவரமானவர். 1916-இல் பரோடா இசை மாநாட்டுக்குச் சுருதிக் கணக்கோடு மட்டும் போகவில்லை. பாடிக் காட்ட வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போனார். எண்ணும் இருக்கட்டும், காதும் இருக்கட்டும் என்ற யோசனை.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நாங்களும் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்துவிட்டோம். அஞ்சலட்டை வேலையைக் கைப்பேசி பார்க்கிறது. முப்பது விநாடி ஓடினால் ஸ்பாட்டிஃபை ஒரு கணக்கு எழுதிக்கொள்ளும். ஊடகம் படிக்கும் அக்கா மகள் ஆய்வுப் படிவத்தோடு வந்தாள். “பாட்டு கேட்டா மனசு அமைதியாகுதா பாட்டி? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க.”

“எந்தப் பாட்டு? யாரு செத்த அன்னிக்கி?” என்றார் அம்மா.

அதற்குக் கட்டம் இல்லை. கைப்பேசிக் கணக்கைப் பார்த்தாள். ஒரே முருகன் பாட்டு நாள் தவறாமல் மணிக்கணக்கில் ஓடியிருந்தது. ‘தீவிர பக்தி’ என்று குறித்துக்கொண்டாள். அம்மா சிரித்தார். “நான் பின்னால கருவேப்பிலைக்குத் தண்ணி ஊத்தப் போயிடுவேன். பாட்டு ஓடினாத்தான் வீட்ல ஆளு இருக்குன்னு திருடன் நெனப்பான்.”

பிள்ளை அசந்துபோனாள். படிவங்களைக் கிழித்துவிட்டு, இனி வீடு வீடாகப் பேச்சுதான் என்று கிளம்பினாள். நான்தான் தடுத்தேன். கணக்கைக் கையில் வைத்துக்கொள். எது விசித்திரமாகத் தெரிகிறதோ அந்த வீட்டுக்குப் போய்க் கேள். கேட்டதை மற்ற வீடுகளிலும் எண்ணிப் பார் என்றேன். இல்லாவிட்டால், மலேசியத் தமிழர்கள் முருகன் பாட்டுப் போடுவதே திருடனுக்காகத்தான் என்று ஆய்வேட்டை முடித்துப் பட்டமும் வாங்கியிருப்பாள்.