தொப்பூர் வட்டாரத்தில் கேஸ் அடுப்பு பற்றாமை: ஒரு முன்னோடி ஆய்வு

முதலில் ஆய்வுக்களத்தை வரையறுத்துவிடுவோம். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்ட தோப்பூர் மதுரைப் பக்கத்தது. நம்முடையது தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே, பெங்களூரு லாரிகள் பிரேக்கை நம்பி இறங்கும் கணவாயின் தொப்பூர். கணவாயில் வண்டிகள் ஏன் நிற்பதில்லை என்று ஆராயப் பலர் உண்டு. விடியற்காலையில் அடுப்பு ஏன் எரிவதில்லை என்று ஆராய எவரும் முன்வராததால் இக்கட்டுரை.

இத்துறையின் மூத்த கோட்பாடு மாமனாருடையது: "கேஸ் தீந்துபோச்சும்மா." சான்றாக அவர் சிலிண்டரைத் தூக்கி ஆட்டிக் காட்டுவார். நிறைந்த சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ, இரும்பின் எடையும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே காலியானதும் கனக்கத்தான் செய்யும். இதன் தீவிரப் பிரிவினர் சிலிண்டரைப் படுக்கவைத்து மிச்சத்தை வடிக்கப் பார்ப்பார்கள். ஆவி போகவேண்டிய ரெகுலேட்டருக்குள் திரவம் புகுந்துவிடும் என்பதால் இப்பிரிவை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இரண்டாவது, கணவர் கோட்பாடு: லைட்டர் சரியில்லை. படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டார்கள். கணவர் அதைச் சரிபார்ப்பதற்காகக் கேஸைத் திறந்துவைத்துக்கொண்டு 'டக் டக்'கென்று அழுத்திக்கொண்டே இருப்பார். இங்கேதான் ஆபத்து. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும்.

மூன்றாவது, நெடுஞ்சாலை டீக்கடைக்காரர்களின் கணவாய்க் காற்றுக் கோட்பாடு. தகரம் வைத்து அடுப்பை மறைத்ததும் தீ நிற்கிறது என்பதால், மூன்றில் இதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் ஜன்னல் சாத்திய வீட்டுச் சமையலறைக்குள்ளும் கணவாய்க் காற்று வருவதாக வாதிடுவோர் உண்டு. அவர்களோடு நமக்கு வழக்கில்லை.

"ஏங்க, பர்னரைக் கழட்டிப் பாருங்களேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்ததை முந்தைய ஆய்வாளர்கள் எவரும் பதிவு செய்யவில்லை. சமைப்பவர் கருத்தை ஆதாரமாகக் கொள்ளும் மரபு இத்துறையில் இல்லை.

நம் முறையியலுக்குத் தீக்குச்சி போதும். முதலில் திருகை மூடி, ஜன்னலைத் திறந்து, வாடை போகும்வரை பொறுக்க வேண்டும். மின்விசிறி ஸ்விட்சைக்கூடத் தொடக் கூடாது. பிறகு குச்சியைக் கொளுத்தி பர்னரருகே பிடித்துக்கொண்டு திருகைத் திறக்க வேண்டும். பற்றினால் குற்றவாளி லைட்டர். அது பற்றாமல் பக்கத்து அடுப்பு மட்டும் எரிந்தால் பழுது அந்த பர்னரில், அல்லது அதன் ஜெட்டில். இரண்டுமே எரியாவிட்டால் மட்டும் ரெகுலேட்டர், ட்யூப் பக்கம் போகலாம். அப்போதுதான் மாமனார் பேசத் தகுதி பெறுகிறார்.

இனி முதன்மைக் கண்டுபிடிப்பு. தருமபுரி கேழ்வரகு மண். களி கிண்டும்போது தெறிக்கும் மாவு பர்னர் துளைகளில் விழுந்து காய்ந்தால் சிமெண்ட் பூச்சுதான். மேலே ஒருநாள் பாலும் பொங்கினால் துளைகள் அடைபட்டுப் போகும். பர்னரைச் சோப்புநீரில் ஊறவைத்துத் துலக்கி, ஈரம் போகக் காயவைக்க வேண்டும். ஈர பர்னரும் அடம்பிடிக்கும். ஜெட்டை ஊக்கால் குடையும் வழக்கம் வேண்டாம். பித்தளைத் துளை அகன்று தீ மஞ்சளாகும், பாத்திரத்தில் கரி ஏறும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பேக்கரி ஓவன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பற்றி, கையை எடுத்ததும் அணைவது வேறு நோய். தீயின் சூட்டை உணர்ந்து கேஸைத் திறந்துவைக்கும் தெர்மோகப்பிள் சூடாகும்வரை சில நொடி திருகை அழுத்திப் பிடிக்க வேண்டும். வெப்பத்திலிருந்து மின்சாரம் என்னும் இந்த விளைவை சீபெக் 1821இல் கண்டார். அவசரக்காரர்கள் இன்னும் காணவில்லை.

இண்டக்ஷன் அடுப்பு வீடுகள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை; அவர்கள் கவலை மின்வாரியத்தோடு.

வாடை அடங்காவிட்டால் ஆய்வை அங்கேயே நிறுத்திவிட்டு, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906க்கு போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் அது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.