புதிய மூட்டு, பழைய தசை

கேள்வி: இடுப்பு மூட்டு மாற்றி மூன்று மாதமாகியும், நாற்காலியை விட்டு எழுந்தால் முதல் நாலு அடி கால் மரக்கட்டையாக நிற்கிறதே, ஏன் ஐயா?
– ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, நெய்வேலி

பதில்: நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை முறையாக வெட்டத் தொடங்கிய அதே 1962-இல்தான், இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் வைத்தியர், உலோகத் தண்டும் உறுதிமிக்க பாலிஎதிலீன் கிண்ணமுமாக, இன்றைய செயற்கை மூட்டுகளின் மூதாதையைப் பொருத்தினார், ஆகவே தங்கள் சுரங்கமும் தங்கள் மூட்டின் வம்சமும் சமவயதினர். மூட்டுத்தான் புதிதே தவிர, அதைச் சூழ்ந்த தசைகளோ வருஷக்கணக்காக வேதனைக்கு அஞ்சி, நொண்டிப் பழகி, சுருங்கிப்போனவை. அவை இளகப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷமே பிடிப்பதும் சகஜம். எழுமுன் உட்கார்ந்தபடியே முழங்காலை நாலைந்து முறை நீட்டி மடக்குங்கள். தங்கள் குடியிருப்பு வட்டத்தின் மரநிழலில் சிறிது சிறிதாகப் பலமுறை நடங்கள். வைத்தியர் அனுமதிக்கும்வரை தாழ்ந்த ஆசனமும் சம்மணமும் வேண்டாம். கெண்டைக்கால் வீங்கினாலோ, ஜுரம் கண்டாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.